அந்தோணியாருக்கு நேர்ந்த பச்சைப்பூ

பச்சைப்பூவைச் சமைப்பதற்கு முன் உப்புத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், ஐயா. புழு இருந்தால் மேலே மிதந்து வந்துவிடும். அன்றைக்கும் அதை விடாமல் செய்தேன். புழு இருந்த கறியை நான் யாருக்கும் பரிமாறியதில்லை.

கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் பங்களாவில் பதினாறு வருஷம் தோட்டக்காரனாக இருந்தேன். அறுபத்திரண்டாம் வருஷம் அந்த அம்மாள் சீமைக்குக் கப்பலேறியபோது எனக்கு ஒரு பொட்டலம் விதை கொடுத்தார். பிராக்கோலி என்பார். பார்வைக்குக் காலிபிளவர் போலத்தான், நிறம் மட்டும் பச்சை, அதனால் எனக்கு அது பச்சைப்பூ. எங்கள் ஊர் வத்தலக்குண்டுக்குப் பக்கம். இந்த வெக்கையில் அது வராது என்று எல்லாரும் சொன்னார்கள். ஐப்பசியில் நாற்று நட்டேன். "கிறிஸ்துராஜ் மலையவே கீழ எறக்கப் போறான்டா" என்று கிணற்றடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இருபது செடியில் பத்தொன்பது வீணாய்ப் போயிற்று. ஒன்றே ஒன்று தலை கட்டியது.

அதை வனத்து அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டேன். முதல் விளைச்சலைத் தை மாதத் திருவிழாவில் கோவிலுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். கொடுத்தவன் பெயரைச் சொல்லி ஏலம் விடுவார்கள். சிரித்த வாயெல்லாம் மூடும்படி என் பெயர் அங்கே கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

திருவிழாவுக்கு முன் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். திருவிழா அன்று காலை கத்தியோடு தோட்டத்துக்குப் போனால் வெறும் தண்டு நிற்கிறது. சாய்வாக வெட்டியிருந்தது. அப்படி வெட்டினால்தான் தண்ணீர் தேங்கித் தண்டு அழுகாது. அதை நான் ஒரே ஒருவனுக்குத்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். என் தங்கை சகாயராணியின் புருஷன் ராயப்பராஜ். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்ப்பவன், திருவிழாவுக்கு லீவில் வந்திருந்தான்.

கோவிலுக்கு ஓடினேன். நான் போய்க் கூட்டத்தின் பின்னால் நிற்கும்போது ஒருவர் என் பூவைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். "ராயப்பராஜ், ராயப்பராஜ், ராயப்பராஜ்" என்று மூன்று தரம் கூவினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். தங்கையைக் கட்டிக் கொடுத்து, தோட்ட வேலையையும் சொல்லிக் கொடுத்தேன். உண்ட வீட்டுக்கே இரண்டகம் செய்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

அன்று சாயங்காலம் அவன் என் கதவைத் தட்டினான். "மச்சான், மச்சான்" என்று கொஞ்ச நேரம் கூப்பிட்டான். நான் திறக்கவில்லை. பிறகு தங்கையை அழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

பச்சைப்பூவில் ஒரு விசேஷம் உண்டு. தலையை வெட்டினாலும் செடி சாகாது. இலை இடுக்குகளில் சின்னச் சின்னப் பூவாகத் துளிர்க்கும். பெரிய பூவைவிட அதுதான் ருசி. மாசியில் இரண்டு கை கொள்ளும் அளவுக்கு அறுத்தேன். விருந்துக்கு வரச் சொல்லி மாப்பிள்ளைக்குக் கடுதாசி போட்டேன். தங்கையை அழைத்து வர வேண்டாம், தனியாகப் பேச வேண்டும் என்று எழுதினேன். தங்கைமேல் எனக்குப் பாசம் உண்டு.

கடுகு, வரமிளகாய் தாளித்து, பூண்டு தட்டிப் போட்டு, தேங்காய்த் துருவலோடு பொரியல் செய்தேன். பருத்திக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தது. அதையும் சேர்த்தேன். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி அவனுக்கு மட்டும் இலை போட்டேன்.

உட்கார்ந்தவன் சோற்றில் கை வைக்காமல் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான்.

"கோயில் சீட்டு, மச்சான். பூவ ஒங்க பேர்லதான் குடுத்தேன். நீங்க காய்ச்சல்ல அனத்திக்கிட்டுக் கெடந்தீக. பூவு விரியப் பாத்துச்சு, இன்னும் ஒரு நா விட்டா மஞ்சளாப் போயிருக்கும். அதான் அறுத்தேன். ஊரான் வீட்டுக்குப் போயிரக் கூடாதுன்னு ஏலத்துல நானே எடுத்து ஒங்க வீட்டுக்குக் கொண்டாந்தேன். நீங்க கதவத் தொறக்கவே இல்லையே."

சீட்டில் என் பெயர் பிழையில்லாமல் இருந்தது. மூன்று தரம் கூவுவது ஏலம் எடுத்தவன் பெயரை. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும்.

இலையை இழுத்திருக்கலாம். இழுத்தால் ஏன் என்று கேட்பான். என்ன சொல்வது? என்னைப் பற்றி என்ன நினைப்பான்? தங்கை முகத்தில் எப்படி விழிப்பேன்? இதையெல்லாம் யோசிப்பதற்குள் அவன் வாயில் வைத்துவிட்டான் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். ஆனால் அப்படி நடக்கவில்லை. அவன் முதலில் ரசம் கேட்டான். நான் அடுப்படிக்குப் போய், சூடு பண்ணி, எடுத்து வந்து ஊற்றினேன். அதுவரை அவன் பொரியலைத் தொடவில்லை.

"வெஞ்சனம் இம்புட்டு ருசியா இருக்கே மச்சான். இன்னுங் கொஞ்சம் வைங்க" என்று பொரியலைக் காட்டினான். வைத்தேன்.

ராயப்பராஜைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் அதன் கீழே எழுதிவிடுங்கள், ஐயா. என்னைக் கேட்காமல் வெட்டியது அவன்தான்.