நாலு பங்கு சுண்ணாம்பு

சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து போட்டால் வீணாகிவிடும் என்பது வெற்றிலை போடுகிற எவருக்கும் தெரியும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். கடலூரில் சாலை மண்ணைச் சோதிக்கும் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான்.

சிதம்பரத்துக் களிமண் கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். கிராவல் கொட்டித்தான் அதன்மேல் சாலை போட முடியும் என்று எத்தனையோ அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். 2009இல் வாய்க்கால் கரைச் சாலைக்கு இன்ஜினியராக வந்தவர் அருண்பாண்டியன், என் மகள் காயத்ரியின் கணவர். மேலதிகாரிகள் முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“கிராவலே வேணாம் மாமா. நூறு பங்கு மண்ணுக்கு நாலு பங்கு சுண்ணாம்பு கலந்தா கல்லாட்டம் நிக்கும். இத்தன வருஷமா வீணா கொட்டியிருக்கீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது.

சுண்ணாம்பு மூட்டைகள் பரங்கிப்பேட்டைக் கொட்டகையில் என் பொறுப்பில் இருந்தன. ஒவ்வொன்றாக அவிழ்த்து, தரையில் பரப்பி, நாற்பது நாள் கடற்காற்றில் விட்டேன். பிறகு அள்ளிக் கட்டினேன். சத்துப் போன சுண்ணாம்பும் வெள்ளையாகத்தான் இருக்கும். சோதனைக் கட்டிகளை மட்டும் நல்ல சுண்ணாம்பில் செய்து, சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன்.

ஐப்பசி மழையில் கரையோரம் சாலை உள்வாங்கியது. நடவுக்கு ஆள் ஏற்றிப் போன ஷேர் ஆட்டோ வாய்க்காலில் கவிழ்ந்து, அதிலிருந்த ரத்தினம்மாள் என்ற கூலிக்காரியும் அவள் மருமகள்கள் இருவரும் இறந்துபோனார்கள். வருத்தம்தான். மாலை வாங்கிக்கொண்டு போனேன்.

மாப்பிள்ளையைக் கைது செய்தார்கள். ஜெயிலில் போய்ப் பார்த்தேன்.

“எங்க தப்பு பண்ணேன்னே தெரியல மாமா. நீங்கதான சோதிச்சீங்க, நல்லாத்தான இருந்துச்சு?”

“இந்த மண்ணு அப்படித்தான் மாப்ள. கலவை என் தப்புதான்னு ஒத்துக்குங்க. சீக்கிரம் முடிஞ்சிடும்.”

என் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே ஜெயிலில் உயிரை மாய்த்துக்கொண்டார். காயத்ரி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

கொட்டகைக்குப் பக்கத்தில் கருவாடு காயவைக்கும் தங்கம்மாள் என்னைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறாள். பொய் சொல்கிற பெண் இல்லை அவள். மூட்டைகளை அவிழ்த்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர். கூடவே இதையும் விடாமல் எழுதுங்கள்: அந்த மண்ணில் சுண்ணாம்புச் சாலை நிற்காது என்று நான் முதலிலேயே சொன்னேன். நிற்கவில்லையே.