தண்ணி வாத்தியார் வீட்டம்மா

வாக்குமூலம் கொடுப்பவர் கேட்டுக்கொண்டபடி இது தமிழிலேயே, மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில் எழுதப்படுகிறது. பெயரும் கடவுச்சீட்டு விவரமும் மேல்தாளில் கண்டபடி. வயது இருபத்தொன்பது. பொறியியல் மேற்படிப்பு மாணவி. விலாசம்: ரயில் பாலத்தை ஒட்டிய சலவைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி, பின்பக்க அறை.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடன் வசித்து வருகிறேன். எனக்கு இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்ததால் சென்ற ஆண்டு இருவரும் இங்கு வந்து சேர்ந்தோம். நகரத்துக் குடிநீர்க் குழாய்களில் எங்கே, எதனால் தண்ணீர் கசிகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. என் கணவர் எங்கள் ஊரில் பேருந்து நடத்துநராக இருந்தவர். எனக்காக வேலையை விட்டுவிட்டு வந்தார். அவருக்குக் கிடைத்த விசாவில் இங்கே வேலை பார்க்க அனுமதி கிடையாது.

வந்த புதிதில் நான் காலையில் பேருந்து ஏறிச் சோதனைக்கூடத்துக்குப் போய்விடுவேன். அதன் பிறகு அவர் கதவைப் பூட்டிக்கொண்டு கால் போன போக்கில் நடப்பார். நாள் முழுக்க ஒரு பேருந்து ஆட்களோடு வாயாடிப் பழகியவருக்கு நாலு சுவருக்குள் இருப்பு கொள்ளவில்லை. மாலையில் நான் வந்ததும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அன்றைக்குப் பார்த்த இடங்களைச் சொல்லுவார். கடிகாரம் பழுது பார்ப்பவர்களின் சந்தில் எந்தக் கடிகாரமும் ஒரே மணியைக் காட்டுவதில்லை என்றும், மேட்டுத் தெருவுக்குப் படி ஏறுகிறவர்கள் இளைப்பாற ஒரு வீட்டுக்காரர் தன் வாசலில் பழைய சோபா போட்டிருக்கிறார் என்றும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பக்கத்துக்காரர்களைக் கஞ்சர்கள் என்று கேலி செய்கிறார்கள் என்றும் சொல்லுவார். நான் சோதனைக்கூடத்தில் நடந்ததைச் சொல்லுவேன். அவர் என்னை "இன்ஜினியரம்மா" என்று கேலியாகக் கூப்பிடுவது வழக்கம். நான் இந்த ஊரைப் பேருந்து ஜன்னல் வழியாகவும் அவர் வாய் வழியாகவும்தான் அறிந்திருந்தேன்.

இலை உதிரத் தொடங்கிய சமயத்தில் அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். எங்கே போனீர்கள் என்று கேட்டால் "சும்மாதான், நடந்தேன்" என்பார். ஆனால் முன்னைவிட நேரங்கழித்து வந்தார். கிளம்பும்போது கண்ணாடி முன் நின்று தலை வாரினார். அதன் பிறகு ஒருநாள் அவருடைய நீலச் சட்டையைத் துவைக்க எடுத்தபோது, வெகுநாளாக இல்லாமலிருந்த இரண்டாவது பொத்தான் தைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். அதை நான் தைக்கவில்லை. அவருக்கு ஊசியில் நூல் கோக்கவே தெரியாது. நூலை அடியில் இறுக்கிச் சுற்றி, முடிச்சு வெளியே தெரியாமல், கை தேர்ந்த ஒருவர் தைத்த தையல் அது. நான் அந்தச் சட்டையைத் துவைக்காமல் ஊற வைத்துவிட்டு, அப்படியே மறந்துவிட்டதாகச் சொன்னேன். அவர் தானே அலசிப் பிழிந்து போட்டார்.

நேற்று, வியாழக்கிழமை, எனக்கு வகுப்பு இருந்தது. நான் போகவில்லை. வழக்கம்போலக் கிளம்பிப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள ரொட்டிக் கடைக்குள் நின்றுகொண்டேன். அவர் இறங்கி வந்து பாலத்தடியில் நடந்தார். கொஞ்சம் இடைவெளி விட்டு நான் பின்னால் போனேன். அன்று நான் போட்டிருந்தது குதிகால் உயர்ந்த செருப்பு, நடப்பதற்கானது அல்ல.

அவர் மீன் சந்தை வழியாகப் போய், வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, கதவுகளுக்கெல்லாம் ஒரே பச்சை பூசிய தெருவில் நுழைந்தார். போகிற வழியெல்லாம் ஜனங்கள் அவரைக் கை காட்டி அழைத்தார்கள். ஒரு முடிதிருத்துபவர் வாடிக்கையாளரைப் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்து கை குலுக்கினார். பூ விற்கும் அம்மாள் ஒருவர், தன் கடை முன்னால் ஈரமாக இருந்த நடைபாதையைக் காட்டி ஏதோ முறையிட்டார். என் கணவர் குனிந்து, தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, தலையை ஆட்டினார். அந்த அம்மாள் அவரை அழைத்த பெயர், மொழிபெயர்த்தால், "தண்ணி வாத்தியார்" என்று வரும். நம் பேச்சில் அந்தப் பெயருக்கு வேறு அர்த்தமும் உண்டு. என் கணவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது என்பதையும் இதில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஊர் முழுக்க அவருக்குச் சொந்தம்போல இருந்தது. என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இடம் கிடைத்தது எனக்கு, ஊர் கிடைத்தது அவருக்கு என்று நினைத்தேன். இன்னொரு பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே என் வயிறு எரிந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு அவர் ஒரு தையற்கடைக்குள் போனார். அது தெருமுனையில், ஒரே ஒரு அகலமான கண்ணாடி வைத்த கடை. அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, என் கணவர் ஒரு முக்காலியின் மேல் இரண்டு கையையும் விரித்து நின்றார். அவர் மேல் ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு இருந்தது. என்னைவிடச் சற்று மூத்த பெண் ஒருவர் வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி கீழே மண்டியிட்டு ஓரத்தை மடித்துக் குத்திக்கொண்டிருந்தார். அவர்தான் இந்த வழக்கில் புகார் கொடுத்தவர். குண்டூசியைக் கவ்விக்கொண்டே அவர் ஏதோ சொல்ல, என் கணவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். இந்த ஊருக்கு வந்த பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

என் கணவர் முக்காலியிலிருந்து இறங்கவில்லை. அந்தப் பெண் குண்டூசிகளை எடுத்துவிட்டு, என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துத் தமிழில் பேசினார். அவருடைய அம்மா வழியில் எங்கள் மொழி என்று பிறகு தெரிந்தது.

"வாங்க வாங்க. நீங்கதான் இவரோட வீட்டம்மாவா? வெளியவே வர மாட்டீங்கன்னு சொன்னாரே. தனியாவா வந்தீங்க? வழி தெரிஞ்சுதா?"

அந்தப் பெண் நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"பயப்படாதீங்கம்மா. மொழி தெரியாத ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். அவருக்குப் படிப்பு முடிஞ்சிட்டா நீங்களும் ஊருக்குப் போயிடலாம். என்ன படிப்பு! தரைக்குக் கீழ ஓடுற தண்ணி அழுவுற சத்தத்தை வெச்சே எங்க ஓட்டைன்னு சொல்றாரு."

தண்ணீர் அழும் சத்தம் என்பது என்னுடைய வார்த்தை. குழாயில் விரிசல் இருந்தால் கேட்கும் மெல்லிய சத்தத்தை விளக்க, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் என் கணவரிடம் சொன்னது. அதை என் பேராசிரியரிடம்கூடச் சொன்னதில்லை.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கோட்டின் பொத்தானைப் பார்த்தார். அதன் பிறகு வெட்டுமேசையில் இருந்த பெரிய கத்தரியை நான் எடுத்தேன். கோட்டின் இடது கையைப் பிடித்து இழுத்து, முழங்கைக்கு மேலே வெட்டினேன். கம்பளி தடிமனாக இருந்ததால் முழுதாக வெட்டுப்படவில்லை. நான் மறுபடி கத்தரியை விரித்தபோது என் கணவர் துணியைக் காப்பாற்ற வலது கையைக் குறுக்கே நீட்டினார். அவருடைய உள்ளங்கையில் வெட்டு விழுந்தது. அவரைக் காயப்படுத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கோட்டை வெட்ட வேண்டும் என்று நினைத்தேன், அதை மறைக்கவில்லை.

அந்தப் பெண்தான் வெள்ளைத் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டி ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். கூட ஒருவர்தான் ஏறலாம் என்றபோது அவரே ஏறிவிட்டார். வண்டி எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்றுகூட நான் கேட்கவில்லை. கத்தரியோடு தெருவில் நின்றேன். நான் இருக்கும் இடத்தின் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. கத்தரியைக் கடைக்குள் வைத்துவிட்டு வெளியே வந்தபோது பூக்கார அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை நடத்திக்கொண்டு போனார். நடுவில் நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தையல் போட்டு முடித்திருந்தார்கள். அந்தப் பெண் படுக்கை அருகே இருந்த நாற்காலியில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வெளியே போய்விட்டார். நான் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டேன்.

"நீங்கதான் படிக்கிறீங்களா?"

"மொத நாள் அந்த முடி வெட்டுறவர் கேட்டாரு, இங்க என்ன பண்றீங்கன்னு. வாயில அதுதான் வந்துச்சு. அப்புறம் தெருவே அதைப் பிடிச்சுக்கிச்சு. எப்படி நிறுத்தறது?"

"சரி. அதுக்கு நான் எதுக்கு வீட்டுல பயந்து நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்கணும்?"

"ஒரு வீட்டுல ரெண்டு பேரும் அதையேவா படிப்பாங்க? வீட்டம்மா என்ன பண்றாங்கன்னு கேட்டாங்க. ஏதாவது சொல்லணும்ல."

அதன் பிறகு அவர் கட்டுப் போட்ட கையை மார்பின் மேல் வைத்துக்கொண்டு, தானே கத்தரியை எடுத்து விளையாடியபோது நழுவியது என்று ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் கொடுத்துவிட்டதாகவும், நானும் அப்படியே சொல்ல வேண்டும் என்றும், இல்லாவிட்டால் என் இடம் போய்விடும் என்றும் சொன்னார். "நம்ம படிப்பு கெட்டுடும்டி" என்றார். 'நம்ம' என்று சொன்னதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் கவனித்தேன்.

அந்தப் பெண்ணோடு அவருக்குத் தவறான பழக்கம் உண்டா என்று அதிகாரி கேட்டதற்குச் சொல்வது: இல்லை என்று அவர் சொன்னார், நான் நம்புகிறேன். நம்பியும் எனக்கு ஆறவில்லை.

இன்று, வெள்ளிக்கிழமை காலை, நான் தனியாக நடந்தே அந்தக் கடைக்குப் போனேன். மீன் சந்தையில் ஒருமுறையும் வாய்க்கால் கரையில் ஒருமுறையும் வழி தப்பினேன். மேட்டுத் தெருவில் ஏறி இறங்கினேன், சோபா இருந்த வாசலைக் கடந்தேன், உட்காரவில்லை. கடையில் அந்தப் பெண் வெட்டுப்பட்ட கைத்துணியைத் தையல் விட்டுக் கோட்டிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். படிப்பது நான்தான் என்றும், தண்ணீரைப் பற்றி என் கணவர் சொன்னதெல்லாம் என் வாயிலிருந்து போனது என்றும் சொன்னேன். அந்தப் பெண் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் தலை நிமிராமல், "தெரியும்" என்றார்.

"அவர் சொன்னாரா?"

"எங்கங்க சொன்னாரு. பரீட்சை எப்பன்னு கேட்டா ஒவ்வொரு தடவையும் ஒரு தேதி சொல்லுவாரு. படிக்கிறவருக்குப் பரீட்சைத் தேதி மறக்குமா? யாரோ வீட்டுல சொல்றதைக் கேட்டுக்கிட்டு வந்து சொல்றாருன்னு அப்பவே புரிஞ்சு போச்சு."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா மறுநாள் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டாரு."

அதன் பிறகு அவர், அந்தக் கோட்டு இறந்துபோன தன் அண்ணனுடையது என்றும், குளிர் வருகிறதே என்று என் கணவருக்கு அளவு குறைத்துக் கொடுக்க எடுத்ததாகவும், புகாரைத் திரும்பப் பெறப் போவதில்லை என்றும் சொன்னார். பெற வேண்டாம் என்று நானும் சொன்னேன். எனக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு அங்கிருந்து நேராக இந்த நிலையத்துக்கு, நடந்தே வந்தேன். வழி கேட்டது ஒரே ஒருவரிடம்தான்.

என் கணவர் கொடுத்த வாக்குமூலமும் என்னுடையதும் பொருந்தவில்லை என்று அதிகாரி எடுத்துச் சொன்னார். பொருந்தாது. கத்தரியை எடுத்தவள் நான். இதனால் என் இடம் போகலாம் என்பதும் எனக்குத் தெரியும். இந்த ஊரில் நான் செய்த ஒரு காரியத்தையாவது என் பேரில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். சம்பவத்தன்று நான் அந்தப் பெண்ணின் மேல் பொறாமை கொண்டிருந்தேன் என்று ஓரிடத்தில் அதிகாரி தானாக எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, கொண்டிருக்கிறேன் என்று மாற்றச் சொன்னேன். என் கணவருடைய பொய்யை நான் ஒரே நாளில் வெட்டிப் போட்டேன், அந்தப் பெண் அதை இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்தார். மாற்றப்பட்ட இடத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. மற்றபடி இதில் கண்டது எல்லாம் நடந்தது நடந்தபடி, யாரும் சொல்லிக்கொடுக்காமல், பயமுறுத்தாமல், நானாகச் சொன்னது. கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)