ஜெராம் லாங் கருடன்

பிரிக்ஃபீல்ட்ஸ் போலீஸ் ஸ்டேஷனில் 1945ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 11ஆம் தேதி காலை, சார்ஜன் முன்னிலையில் தமிழில் சொல்லித் தமிழில் எழுதப்பட்டது.

பெயர்: நல்லம்மாள். கணவர் பெயர்: பக்கிரிசாமி. வயது: முப்பத்து நாலு இருக்கும் என்கிறார். விலாசம்: செமினி ஆற்றுத் தலைப்பு, ரிசர்வ் காவலாள் வீடு. தொழில்: மரவள்ளித் தோட்டம். கூட எடுத்துவரப்பட்ட பொருள்கள்: உடையாத தேங்காய் ஒன்று, பிரம்புக் கூடை ஒன்று, கூடையில் பருந்து ஒன்று.

மேலே கண்ட நல்லம்மாள் நான்தான். கோயில் கமிட்டித் தலைவர் சபாபதியின் நெற்றியில் நேற்றுக் காலை தேங்காயால் அடித்ததும் நான்தான். யாரும் தூண்டிவிடவில்லை. கை தவறிப் பட்டது என்று எழுதினால் கேஸ் லேசாகப் போய்விடும் என்று சார்ஜன் நல்ல மனதோடு சொன்னார். அப்படி எழுத வேண்டாம். இத்தனை வருஷத்தில் என் கை இவ்வளவு சரியாக வேறெதையும் செய்ததில்லை.

செமினிக்கு மேலே ஆறு இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு இறங்கும் இடத்தை மலாய்க்காரர்கள் ஜெராம் லாங் என்பார்கள். லாங் என்றால் அவர்களுக்குப் பருந்தும் கருடனும் கழுகும் எல்லாம் ஒன்றுதான். கீழே உள்ள ஊர்களுக்கு அங்கிருந்து குடிதண்ணீர் போவதால், சண்டைக்கு முன்னால் வெள்ளைக்காரன் அதை ரிசர்வ் ஆக்கி, மரம் வெட்டக்கூடாது, பறவையைச் சுடக்கூடாது, மீனுக்கு வெடி போடக்கூடாது என்று போர்டு நட்டு, என் வீட்டுக்காரர் பக்கிரிசாமியைக் காவலுக்கு வைத்தான். பாறை விளிம்பிலிருந்து தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து நின்ற பெரிய மரங்களில் வருஷா வருஷம் கருடன் கூடு கட்டும். என் வீட்டுக்காரர் காலையில் எழுந்து போய் ஒரு கருடனையாவது பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் தேத்தண்ணி குடிக்கமாட்டார்.

அதன் பிறகு ஜப்பான்காரன் வந்தான். போர்டைப் பிடுங்கி யாரோ அடுப்பெரித்தார்கள். காவல் பார் என்று சொல்ல மேலே ஒருவரும் இல்லை. அப்படியும் இவர் நாள் தவறாமல் போய்க்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்து, "ஏங்க, வெள்ளக்காரனே ஓடிட்டான், நீங்க யாருக்குக் காவல் காக்குறீங்க?" என்று கேட்டேன். "வெள்ளக்காரன்தானே ஓடுனான், கருடன் ஓடலயே," என்றார். அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

சபாபதி யார் என்று சொல்கிறேன். அப்போது எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பெரிய கிராணி, ஆள் கணக்கெல்லாம் எழுதுகிறவர். வீடு பிரிக்ஃபீல்ட்ஸ். இங்கே கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். ஜப்பான்காரன் வந்ததும் நாலு ஜப்பான் வார்த்தை கற்றுக்கொண்டு, குனிந்து குனிந்து கும்பிட்டு, எங்கள் ஜனங்களுக்கும் அவனுக்கும் நடுவில் தானே எல்லாம் என்று ஆக்கிக்கொண்டார். 1943இல் மாசி மாதம் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்தார். கலசத்தில் தண்ணீர் ஊற்றும்போது கருடன் வந்து வட்டமிட வேண்டும் என்பது நம் ஜனங்கள் எல்லாருக்கும் தெரியும். இந்த ஆள் ஒரு ஜப்பான் அதிகாரியைக் கும்பாபிஷேகத்துக்கு அழைத்து, எங்கள் சாமி பறவையாக இறங்கி வரும், உங்கள் கண்ணால் பார்க்கலாம் என்று பெருமை பேசிவிட்டார். பேசிய பிறகு, கருடன் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வந்துவிட்டது.

அதன் பிறகு அவர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, "டேய் பக்கிரி, கருடக் குஞ்சு நாலஞ்சு வேணும். பறக்குற பருவமாப் பாத்து எடுத்துக் குடு," என்றார். என் வீட்டுக்காரர் அந்த ஆளிடம் அதுவரை இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. அன்றைக்குச் சொன்னார். "ஐயா, கருடன் தானா வரணும்யா. நாம புடிச்சிட்டுப் போயி விட்டா அது சாமிகிட்டயே பொய் சொல்ற மாதிரி." சபாபதி சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் கோடாலியோடு ஆட்களைக் கூட்டிவந்தார். என் வீட்டுக்காரர் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றார். இரண்டு பேர் அவரைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்தார்கள்.

மரத்தில் ஏற ஒருவனுக்கும் தைரியம் இல்லாததால் மரத்தையே வெட்டினார்கள். கூடு இருந்த மரங்களை எல்லாம் வெட்டினார்கள். மரம் சரியும்போது குஞ்சுகள் தெறித்து ஆற்றில் விழுந்தன. தண்ணீர் அடித்துக்கொண்டு போனது போக மிஞ்சியதைக் கோழிக் கூட்டில் அடைத்தார்கள். தாய்ப் பறவைகள் பாறைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின. பெற்றவள் கத்துகிற கத்தல் அது, நானும் பெற்றுப் பறிகொடுத்தவள், எனக்குத் தெரியும். அந்த வருஷத்துக்குப் பிறகு ஜெராம் லாங்கில் ஒரு கூடு கிடையாது.

குஞ்சுகளை விட்டுவிட மனமில்லாமல் என் வீட்டுக்காரர் பின்னாலேயே பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தார், நானும் வந்தேன். கும்பாபிஷேகத்தன்று, ஐயர் கலசத்தில் தண்ணீர் ஊற்றிய நேரத்தில், கோபுரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஆள் கூட்டைத் திறந்துவிட்டான். ஜனங்கள் கையைத் தூக்கிக் கும்பிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு குஞ்சு இரண்டு தடவை இறக்கை அடித்துவிட்டுச் சாரத்தில் மோதி, ஜப்பான் அதிகாரியின் காலடியில் வந்து விழுந்தது. உடம்பெல்லாம் பழுப்பு நிறம். கழுத்தில் வெள்ளையே இல்லை. கூட்டத்தில் ஒரு பெண் பிள்ளை, "அடி ஆத்தே, இது கோழி தூக்குற பருந்துல்ல!" என்று கத்தினாள். அதன் பிறகு யார் சிரிப்பை யார் அடக்குவது? ஜப்பான் அதிகாரியும் சிரித்தான். சபாபதியின் முகம் செத்துப் போயிற்று.

உடனே அந்த ஆள் கூட்டத்தைப் பார்த்து, "இந்தப் பக்கிரிதான் வயித்தெரிச்சல்ல கருடக் குஞ்ச மறச்சி வச்சிட்டு, கூட்டுல பருந்துக் குஞ்ச மாத்தி வச்சிட்டான்," என்று சொன்னார். என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "இல்லீங்கய்யா, கருடன் குஞ்சு இப்படித்தான் இருக்கும். வளர வளரத்தான் கழுத்து வெளுக்கும்," என்றார். சபாபதி, "அப்ப காக்காய வளத்தா கொக்கு ஆயிடுமாடா?" என்று கேட்டார். முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சபாபதியைவிட்டு என் வீட்டுக்காரர் மேல் இறங்கியது, அந்த ஆளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அன்றிலிருந்து செமினி பாசாரில் இவருக்குப் பெயரே சாமிய ஏமாத்துன பக்கிரி என்று ஆகிவிட்டது. கடையில் இவருக்கு உப்புக்கூடத் தூக்கி எறிந்துதான் கொடுத்தார்கள்.

மிஞ்சிய குஞ்சுகளைக் கழுத்தைத் திருகிக் குப்பையில் போட்டார்கள். காலடியில் விழுந்ததை மட்டும் என் வீட்டுக்காரர் துண்டில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, மீன் பிடித்து ஊட்டினார். "வளத்துப் பாரு நல்லம்மா, கழுத்து வெளுக்கும், அன்னைக்கு எல்லாரும் பாக்கட்டும்," என்று என்னிடம் சொன்னார்.

அதன் பிறகு சயாம் ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடித்தான். தண்ணீர்க் காவலாளைப் பிடிப்பதில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரு நாள் பகலில் பாசாருக்கு லோரி வந்து நின்றது. முன் சீட்டில் சபாபதி உட்கார்ந்திருந்தார். இறங்கக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி என் வீட்டுக்காரரைக் காட்டினார். இவர் கையில் பறவைக்கு வாங்கிய மீன் இருந்தது. அதை என்னிடம் வீசிவிட்டு ஏறினார். நான் லோரிக்குப் பின்னால் ஓடி, சபாபதியை என் வாயில் வந்த எல்லா வார்த்தையாலும் திட்டினேன். அவற்றையும் சொல்லத் தயார், சார்ஜன்தான் எழுதமாட்டேன் என்கிறார்.

கேள்வி: கணவர் திரும்பி வந்தாரா?

பதில்: இல்லை. அவரோடு போன ரமணி என்பவர் இந்த அக்டோபரில் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். என் வீட்டுக்காரர் காலராவில் போய்விட்டார் என்று சொன்னார். அங்கேயும் கூட இருந்தவர்கள் இவரைச் சாமிய ஏமாத்துனவன் என்றுதான் கேலி செய்தார்களாம். சயாமில் ரயில் பாதை போட்டுச் சாகக் கிடந்தவர்களுக்கும் கேலி செய்ய என் வீட்டுக்காரர்தான் கிடைத்தார். கடைசியில் ரமணியிடம், "இந்நேரம் வெளுத்திருக்கும்," என்று சொன்னாராம். ரமணிக்கு அது என்னவென்று விளங்கவில்லை, என்னைக் கேட்டார். நான் அவரைப் பின்பக்கம் கூட்டிப் போய்க் காட்டினேன்.

பறவை வெளுத்திருந்தது. போன வருஷமே கழுத்தில் அங்கங்கே வெள்ளை விழுந்தது. இந்த வருஷம் தலை, கழுத்து, மார்பு எல்லாம் வெள்ளை, இறக்கை செம்மண் நிறம். நான் கட்டி வைக்கவில்லை. பகலெல்லாம் ஜெராம் லாங்கில் சுற்றிவிட்டு மீனுக்கு மட்டும் என்னிடம் வரும்.

சபாபதி பழையபடி கமிட்டித் தலைவராகி, சண்டை முடிந்ததற்காகக் கோயிலில் பெரிய பூஜை வைத்து ஒரு வெள்ளைக்கார அதிகாரியை அழைக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அடிக்க வேண்டும் என்று நான் வரவில்லை. பறவையைக் கொண்டுபோய் ஜனங்கள் மத்தியில் காட்டி, என் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை என்று அந்த ஆள் வாயால் சொல்ல வைக்க வேண்டும் என்றுதான் கூடையோடு வந்தேன்.

நேற்றுக் காலை கோயில் வாசலில் அவர் எதிரே போய் நின்று கூடையைத் திறந்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கூடைக்குள் பார்த்து முகமெல்லாம் பல்லாக, "அடடே, கருடன்! எங்கம்மா புடிச்ச? நல்ல நேரத்துலதான் கொண்டாந்த. பூஜையன்னைக்குத் துரை வர்றப்ப விட்டுடலாம்," என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நான், "இத நல்லாப் பாருங்க. பக்கிரிசாமிய ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எந்தப் பக்கிரிசாமி?" என்றார்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் அர்ச்சனைத் தட்டில் தேங்காய் இருந்தது. எடுத்து அடித்தேன். தேங்காய் உடையவில்லை, அவர் நெற்றிதான் உடைந்தது. வருத்தமா என்று சார்ஜன் கேட்கிறார். தேங்காய்க்கு உரிய பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வேறு வருத்தம் எதுவும் இல்லை. என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் சபாபதி தன் வாயால் கருடன் என்று சொன்னதை இதில் எழுத வேண்டும், என் வீட்டுக்காரரை லோரியில் ஏற்றியவர் யார் என்பதையும் எழுத வேண்டும்.

இதுவரை எழுதியதைச் சார்ஜன் எனக்கு வாசித்துக் காட்டினார். ஆரம்பத்தில், கூடையில் பருந்து ஒன்று என்று வாசித்தார். அதை மாற்றச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா," என்றார். "ஒண்ணா இருந்திருந்தா எங்க வீட்டுக்காரரு சயாமுக்குப் போயிருக்கமாட்டாரு," என்றேன். சார்ஜன் எழுந்து கூடையைத் திறந்து பார்த்தார். மற்றதெல்லாம் நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. யாருடைய மிரட்டலுக்காகவும் சொல்லவில்லை.

திருத்தம்: பொருள்கள் வரிசையில் 'பருந்து' என்பது அடிக்கப்பட்டு 'கருடன்' என்று எழுதப்பட்டது. திருத்தத்துக்குப் பக்கத்தில் சார்ஜன் கையெழுத்து.

நல்லம்மாள், இடது பெருவிரல் ரேகை.