தௌசீஃப் வித்த பிறை

இல்ல தம்பி, அப்டி எழுதிடாத. கொஞ்சம் குந்து. ஒரு ஸ்டாரு போட்டு, இந்த புரோகிராமு வேஸ்ட்டு, யாரும் வாங்காதீங்கன்னு எழுதறதுக்கு எம்மா நேரம் ஆவப்போது? அத்த அப்பால எழுதிக்கலாம். மழைல கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்ல வேற மாட்டிகினு வந்துகீற. மொதல்ல தலைய தொடச்சிக்க.

செல்வம்னு தான சொன்ன? அந்த புரோகிராமு செஞ்ச தௌசீஃபோட அத்தா நானு, சௌக்கத் அலி. எனக்கு பேசின் பிரிட்ஜாண்ட லாரி ஸ்பேர் கடை. நீ போட்ட மெயிலு நாலும் வந்துச்சி, படிச்சேன். பதில் எழுத தெர்ல. எழுத வேண்டியவன் இல்ல பா. மௌத்தாகி நாலு மாசம் ஆவுது. எண்ணூர் ரோட்ல, கன்டெய்னர் வண்டி. சரி வுடு, நீ இன்னா பண்ணுவ, ஒனக்கு எப்டி தெரியும். அந்த கடைல அவன் பேரு, போட்டோ எல்லாம் அப்டியே தான கீது.

கடைன்னா என் கடை இல்ல, அந்த வெப்சைட்ட சொல்றேன். மொதல்ல எனக்கு வெளங்கவே இல்ல. அவன் தான் சொன்னான், அத்தா, நீ கிளட்ச் பிளேட்டு விக்கிற, லாரிக்காரன் வாங்கி மாட்டிக்கிறான், அதே மாதிரி நான் இத்த ஒரு தபா செஞ்சி வெச்சிட்டா, வெப்சைட்டு கட்டறவன் வாங்கி அவன் சர்வர்ல மாட்டிப்பான், பாக்கறவன் கண்ணுக்கு தெரியாது, உள்ள ஓடிகினே இருக்கும்னான். பிறைக் கணக்குல எங்க மாசத்து தேதி காட்டற புரோகிராமே அங்க பத்து பேரு விக்கிறான் பா. அதுங்கல்லாம் வரப்போற நூறு வருசத்துக்கும் இப்பவே கணக்கு போட்டு வெச்சிடும். இவன் மட்டும் தான், மெட்ராசு பிறைய மனுசன் கண்ணால பாத்து சொன்னா தான் மாசம் மாறும்னு செஞ்சான். கூட வேல செய்றவங்க சிரிச்சாங்களாம். ஆனா பள்ளிவாசலு, கல்யாண மண்டபம்னு நாப்பது எடத்துல வாங்கினாங்க. ஒரு மண்டபத்து வெப்சைட்டுக்காக வாங்கின உங்க கம்பெனியும் அதுல ஒண்ணு.

அந்த கண்ணு என்னுது. மாசாமாசம் இருவத்தொம்போதாம் நாளு பொழுது சாயற நேரம், மக்ரிபு தொழுகைக்கு, மாடி ஏறிடுவேன். கடல் பக்கம் இல்ல பா, பிறை மேக்கால தான் தெரியும். எம்.கே.பி. நகர் பக்கமா பாத்துகினு நிப்பேன். பாத்துட்டா போன்ல ஒரு பட்டன், பாக்கலன்னா இன்னொண்ணு. அமுக்கினா நாப்பது எடத்துலயும் மாறிடும். அவன் போனப்பறமும் நான் வுடல. மூணு தபா கரெக்டா அமுக்கினேன்.

ஆமா, இந்த மாசம் ஒரு நாளு பின்னாடி ஓடுது. உங்க மண்டபத்து நிக்காஹ் பத்திரிகைல தேதி தப்பா அச்சாயி, மேனேஜரு ஒன்ன கண்டபடி பேசிட்டாரு. மெயில்ல படிச்சேன். மேகம் மறச்சிடுச்சின்னு சொல்லலாம்னு தான் இருந்தேன். நீ புரோகிராமு தப்புன்னு எழுதப்போறேன்னதும் அந்த பொய்யி வாயில வர்ல. அவன் செஞ்சதுல ஒரு திருகாணி கழலாது பா. அன்னிக்கு மேகமும் இல்ல. மழை வுட்டு வானம் தெளிஞ்சி, நகம் வெட்டிப் போட்டாப்ல பிறை நல்லா தெரிஞ்சிது. பாத்துகினே, பாக்கலன்னு அமுக்கினேன். நாப்பது வருசமா தொழுவுறவன், பிறைக்கு பொய் சாட்சி சொல்லிகீறேன்.

ஏன்னா... வூட்டுக்குள்ள அவன் பொண்டாட்டி கீது, சைமா. எங்க ஆளுங்கள்ல புருசன் மௌத்தானா பொண்டாட்டி நாலு மாசம் பத்து நாளு வூட்ட வுட்டு போவக் கூடாது. இத்தான்னு சொல்லுவோம். அதுவும் பிறைக் கணக்கு தான்; அவன் போனது மாசக் கடைசி நாளு, அதனால இந்த மாசம் பத்தாம் பிறையோட முடியும். சைமா வேற காலண்டர தொடறதில்ல, புருசன் செஞ்சதத் தான் போன்ல பாத்துகினு கீது. இத்தா முடிஞ்சா அவங்க அண்ணன் ஆம்பூர்லேந்து வந்து இட்டுகினு பூடுவான். பேத்தியும் தான். உமைமா, மூணு வயசு. நாயம் தான் பா, சின்ன பொண்ணு, இங்க அதுக்கு இன்னா வெச்சிகீறேன் நானு. இன்னும் ஒரே ஒரு நாளு இருக்கட்டும்னு தான் செஞ்சேன். நாலு செவுத்துக்குள்ள அந்த பொண்ணுக்கு ஒரு நாளு ஜாஸ்தி ஆவுதேன்னு அப்ப தோணல. இப்ப உறுத்துது.

இதோ பாரு, பிறை ஒம்போதுன்னு காட்டுது. தப்பா அமுக்கிட்டா திருத்தறதுக்கும் ஒரு பட்டன் வெச்சிட்டு போய்கீறான். அமுக்கறேன்.

பத்து. ஒங்க மண்டபத்துல பாரு, மாறிச்சா? அப்ப புரோகிராமு நல்லா ஓடுதுன்னே எழுது. நீ டீய குடி, ஆறுது. நான் உள்ள போயி சொல்லிட்டு வரேன், இன்னிக்கு மக்ரிபோட இத்தா முடியுதும்மா, ஒங்க அண்ணனுக்கு போன போட்டுடுன்னு.