பேர் போடாத செய்தி

– பேரு போடலைங்கிறத விடுங்க சார். கடைசில என்ன எழுதிருக்கீயன்னு வாசிங்க. எனக்கு இங்கிலீசு வராது. பக்கத்து வீட்டுப் புள்ளைய வாசிக்கச் சொல்லித்தான் கேட்டேன்.

– அரே, ஒண்ணுமே இல்ல செல்வமேரி அக்கா. 'மெஷின்ல கை மாட்டாம இருக்கப் போட்ட தடுப்பைக் கழட்டிட்டு ஓட்டச் சொல்றாங்கன்னு, இடது கையில் ரெண்டு விரல் இழந்த தமிழ்த் தொழிலாளி சொன்னார்.' அவ்ளோதான். இதுல பேர் எங்க இருக்கு?

– விரலு இருக்குல்லா? எங்க வீட்டுக்காரருக்கும் இடது கையில ரெண்டு விரலு கெடையாது. பேப்பர் வந்த அன்னைக்கே கம்பெனி கேட்டுல நிப்பாட்டிட்டாவ. நீதான பத்திரிகைக்காரன்ட்ட ஊதுனவன், வீட்டுக்குப் போன்னுட்டாவ.

– நிர்மல், என்னங்க சத்தம்? யாருங்க இவங்க?

– போசரி ஃபேக்டரி ஏரியா ஸ்டோரி, கிரிஜா. மெஷின்ல தகடு அடிக்கற அந்த பிரஸ் ஷாப். இவங்க ஹஸ்பண்டை வேலைய விட்டு எடுத்துட்டாங்க.

– அடக் கடவுளே. உக்காருங்கம்மா. இவர் எழுதிக் கொண்டாரதத் திருத்தி அச்சுக்கு அனுப்பறது நானுங்க.

– அப்போ விரல எண்ணிப் போட்டது நீங்களா?

– நாந்தானுங்க. 'ஒரு தொழிலாளி சொன்னார்'னு மொட்டையா இருந்துச்சு. படிக்கறவங்க கண்ணு முன்னால ஆள் தெரியணும்னு இவர்கிட்டக் கேட்டுச் சேத்தேன். எங்க பத்திரிகை வக்கீலும் பாத்தாருங்க. கேஸ் போட்டுருவாங்கன்னு கம்பெனிப் பேரை அடிச்சாரு. இதை விட்டுட்டாரு.

– நல்ல வக்கீலு. கம்பெனிய மறைச்சாச்சு, கைய மறைக்கத் தோணல.

– அக்கா, நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க.

– எங்க வீட்டுக்காரரு ஒங்கள்ட்டப் பேசலன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. சூப்பர்வைசர் கீழ சாயாக் கடையில நிக்கான். பத்திரிகைக்காரனே இல்லைன்னு எழுதிட்டா, நாளைக்கே உள்ள விட்டுருதேன்னான்.

– குடுக்காதீங்க நிர்மல். ஆமான்னும் சொல்லக் கூடாது, இல்லைன்னும் சொல்லக் கூடாது. தெரியுமல்லங்க?

– ஏன் கூடாது? ஒங்க வீட்டுச் சொத்தையா கேக்கேன்?

– கோவிச்சுக்காதீங்கம்மா. அந்த ஷெட்ல தமிழ் ஆளுங்கள்ல, இடது கையில ரெண்டு விரல் போனவங்க எத்தனை பேருங்க?

– மூணு பேரு. எங்க வீட்டுக்காரரு, பாலசுப்ரமணியன், அந்தோணி. அங்கன முழுக் கையோட ஒருத்தனக் காட்டச் சொன்னாத்தான் கஷ்டம்.

– இவர் இல்லைன்னு நாங்க எழுதினா மிச்சம் ரெண்டே பேருங்க. எங்களை நம்பி வாயத் தொறந்தவரை நாங்களே புடிச்சுக் குடுத்த மாதிரி ஆயிரும்.

– ஒங்கள நம்பாதவருக்கு ஏற்கெனவே வேல போயாச்சேம்மா! எதுத்துப் பேசுத ஆளு அவுகதான்னு, விசாரிக்காமலே அவுக தலையில கட்டிட்டாவ. இனி வேற எந்த ஷெட்டுல சேப்பான்? கையப் பாத்ததும் போன்னுருவான்.

– எங்க எடிட்டரை விட்டுப் பேசச் சொல்றேனுங்க. லேபர் ஆபீஸ்ல மனு குடுக்கலாம், அதுக்கு வக்கீல் நான் பாத்துத் தரேன்.

– அந்த விரல மறைக்காம விட்ட வக்கீலா?

– கிரிஜா, ப்ளீஸ். தப்பு நம்மளோடது. இவங்க ஹஸ்பண்ட் எதுக்குத் தண்டம் அழணும்?

– நிர்மல், வாயை மூடுங்க.

– நஹி, மூட மாட்டேன். அக்கா, உங்க ஹஸ்பண்ட் என்கிட்டப் பேசல. நான் அவரைப் பாத்ததே இல்ல. இருங்க, லெட்டர்ஹெட்லயே எழுதித் தரேன்.

– போச்சுங்க.

– என்ன போச்சு கிரிஜா? இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. அதுல யாருன்னு அந்த சூப்பர்வைசருக்கு எப்படித் தெரியும்? அக்கா, நீங்க கேட்டதுதானே சொன்னேன்?

– நெசமாவா சார்? அவுக பேசவே இல்லையா?

– நெசம்தான். ஏன், உங்ககிட்ட அவர் சொல்லலையா?

– சொன்னாவ. சத்தியம் பண்ணினாவ. நாந்தான் நம்பல. பொய்க்குத்தான் சார் எழுதி வாங்க வந்தேன்.

– பரவால்ல அக்கா, உண்மையாவே இருக்கு. இந்தாங்க, கையெழுத்துப் போட்டாச்சு.

– வேண்டாம், கிழிச்சுருங்க. பாலசுப்ரமணியன் நீங்க விசாரிச்ச மாசம் பூரா மஞ்சக்காமாலைல ஊர்ல கெடந்தான். அந்தோணி என் கூடப் பொறந்தவன் சார்.