செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பிய கம்ப்யூட்டர்

சுதந்திர தினத்துக்காக மெர்டேக்கா கொடிகள் பறந்த மாதம். காஜா பெராங் வட்டாரத்தில் ஒரு கிளினிக்கில் மருந்துக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மஞ்சள் பாஜு குரோங் அணிந்த இளையவள் சொன்னாள்:

"எங்க வீட்டு கம்ப்யூட்டர் நேத்து செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பிப் போயிடுச்சுக்கா."

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். "என்னம்மா சொல்ற?"

"வெள்ளிக்கிழமை அதுவா அப்டேட் ஆச்சு. அப்புறம் சரியான பாஸ்வேர்ட் போட்டாலும் உள்ள விடல. மகளோட ஆய்வுக் கட்டுரை முழுக்க அதுலதான் இருக்கு, வேற காப்பி இல்ல. சாப்பிடாம அழுதா."

"கடைக்குக் கொண்டு போனியா?"

"எதிர்வீட்டு டீச்சர் வந்தாங்க. அப்டேட்டுக்கு முன்னாடி, செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் தானா சேமிச்சு வச்ச நிலைக்கு மாத்திடலாம்னு சொன்னாங்க."

"ஐயோ, அதுக்கப்புறம் எழுதினதெல்லாம் போயிடுமே!"

"கம்ப்யூட்டரோட செட்டிங்கைத்தான் மாத்தும், எழுதினதைத் தொடாதுன்னாங்க. யாரு நம்புவாங்கக்கா? மகதான் பட்டனை அமுக்கினா. நான் கண்ணை மூடிக்கிட்டேன். ரொம்ப நேரம் ஓடுச்சு. அப்புறம் பாஸ்வேர்ட் போட்டா, திறந்துச்சுக்கா! அப்டேட்டைக் காணோம். ஆனா அவ எழுதினதுல ஒரு எழுத்துகூட போகல. வெள்ளிக்கிழமை பாதியில நிறுத்தின வாக்கியம்கூட அங்கேயே நின்னுச்சு."

கவுண்டரில் மூத்தவளின் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

"பாதி வாக்கியம்கூடவா?"

"ஆமாக்கா. மக அதையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம் கண்ணைத் துடைச்சிட்டு மீதியை எழுதினா."