ஒரே பேரில் இரண்டு

எண்பதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை. திருச்சியிலிருந்து அரியலூர் போகும் பஸ் கீழப்பழுவூரைத் தாண்டியதும், எனக்கு முன் சீட்டில் ஒரு குரல் உயர்ந்தது.

“ஒரே பேர்ல ரெண்டு வச்சுக்கலாம்டி, தப்பே இல்ல. ரெண்டுக்கும் ஒரே மாதிரி குடுத்த பாரு, அங்கதான் மாட்டிக்கிட்ட!”

சொன்னவள் சுமதி, கல்லூரி மாணவி. மடியில் நோட்டை விரித்து வைத்து விழித்தவள் அவள் தோழி மேரி. அவர்கள் பக்கத்தில் இருந்த ஒரு அக்கா வெடுக்கென்று திரும்பினார்.

“யாரும்மா அந்த ரெண்டு பேரு?”

“ஆளு இல்லீங்கக்கா, கம்ப்யூட்டருக்கு எழுதுற கட்டளை. ‘கூட்டு’ன்னு ரெண்டு எழுதிருக்கா. ரெண்டுமே முழு எண்ணத்தான் வாங்குது. எதக் கூப்புடுறான்னு அதுக்குத் தெரியல.”

“வர்ற விடை வேற வேறதானே?” மேரிக்கு அழுகை முட்டியது. “திங்கக்கெழம அர மணி நேரந்தான் மிஷின் குடுப்பாங்க. ஓடலன்னா மார்க் போச்சு.”

“விடைய அது பாக்காதுடி. நீ என்ன குடுக்குறங்கிறதத்தான் பாக்கும்.”

அக்கா சிரித்தார். “எங்க வூட்ல நானும் கலா, நாத்தனாரும் கலா. ‘கலா, காப்பி’ன்னா நான் போவேன். ‘கலா, சட்டைப் பட்டன்’ன்னா அவ போவா.”

“அதேதாங்க்கா!” மேரி இரண்டாவது ‘கூட்டு’ கட்டளையை அடித்து, தசமப் புள்ளி வைத்த எண்களை வாங்கும்படி திருத்தினாள். “காப்பி வேலய ரெண்டு பேருக்குமே குடுத்தா?”

“ரெண்டு பேரும் அசைய மாட்டோம்.” அக்கா பின்னால் கைகாட்டினார். “அவரே போட்டுக்குவாரு.”

என் பக்கத்திலிருந்த மனிதர் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.